தட்டு வாடிய வெள்ளிக்கிழமைகள்

ஷார்ஜா
8-6-1997

அன்பு மருமகள் சுமையாவுக்கு,

உன் மாமா அப்துல் மஜீது எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தால் அறையில் என் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். இரண்டு நாள் தரையில் படுத்தேன். இப்போது கட்டில் கிடைத்துவிட்டது.

கண்ணாடித் தொட்டி எப்படி இருக்கிறது? அதில் உள்ள உயிர்ப் பவளத் தட்டு மூன்றும் விரிகின்றனவா? ப்ளேனில் மடியில் வைத்து, பையைத் தடவித் தடவிக் கொண்டுவந்தவை. அதனால் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்று சிரிக்காதே.

தட்டுகளை மணலில்தான் வைக்க வேண்டும். கல் மேல் ஏற்றினால் அடிச்சதை கிழியும். அவை வேர்விட்டு ஒட்டுவதில்லை, தானாக நகரும். ஒன்றை ஒன்று தொடும்படி நெருங்கினால் நடுவில் உள்ளங்கை அகலம் விட்டு வை. கையில் சோப்பு இருக்கக் கூடாது. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் அல்ல. அதற்குப் பஞ்சநதம் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கு, குழாய்த் தண்ணீர் வேண்டாம். வெயில் நேரத்தில் ஐஸ் பாட்டிலை மூடியோடு மிதக்க விடு. கரண்ட் போனால் ஓடிப்போய் பேட்டரியில் ஓடும் சின்னப் பம்பைப் போடு. காற்று நின்றால் அவற்றுக்கு மூச்சு நின்ற மாதிரி.

இங்கே நான் பதினோரு வீட்டு மீன் தொட்டிகளைக் கழுவுகிறேன். எல்லா வீட்டிலும் பின்வாசல் வழிதான். எனக்குச் சொந்தமான தொட்டி என்று ஒன்று இருப்பது திருத்துறைப்பூண்டியில் நம் கூடத்தில் மட்டும்தான்.

உன்னை நம் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பிய உன் அத்தாவிடம் சொன்னதை உனக்கும் எழுதிவிடுகிறேன். தட்டு மூன்றும் உன் பொறுப்பு. அவை உயிரோடு இருக்கும் வரை உன் படிப்பு என் பொறுப்பு.

மாமிக்கு ஸலாம் சொல்.

அன்பு மாமா,
அப்துல் மஜீது


திருத்துறைப்பூண்டி
29-6-1997

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்தது. மாமியும் நானும் சுகம். உங்களுக்குக் கட்டில் கிடைத்ததில் சந்தோஷம்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிவிட்டது. எங்கள் ஊரில் எட்டோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுவதால் என்னோடு படித்த யாரும் ஒன்பதாவது சேரவில்லை. இங்கே என் பக்கத்தில் லின்சி என்ற பெண் உட்காருகிறாள். நல்லவள்.

தட்டு மூன்றும் நன்றாக இருக்கின்றன. காலையில் தொட்டியின் வெள்ளை ட்யூப் லைட்டைப் போட்டதும் ஆப்பம் மாதிரி உப்புகின்றன. ஆரஞ்சுத் தட்டுதான் பெரிதாக உப்புகிறது. பச்சைத் தட்டு நான்கு விரல் அகலம் நகர்ந்துவிட்டது. மாமி நம்பவில்லை. “காலில்லாதது எப்புடி நடக்கும்? நீதான் கைய விட்டு நகத்திருப்பே” என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே சாக்பீஸில் கோடு போட்டுக் காட்டினேன். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தது. மாமி ரொம்ப நேரம் பார்த்தார்கள். “வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு எங்கதான் போவுதாம்?” என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் கூனி இறாலைக் கழுவி ஒவ்வொன்றின் வாயிலும் வைக்கிறேன். “மனுசனுக்கே வாரத்துல ஒரு நாள்தான் இறாலு. இதுகளுக்கும் வெள்ளிக்கிழமையா?” என்று மாமி கேட்டார்கள். நீங்கள் கொண்டுவந்த உப்பு பாக்கெட்டைப் பார்க்கும்போதெல்லாம், “வேதாரண்யத்துல மல மலையா உப்பு வெளையுது, இவரு ப்ளேன்ல உப்பு கொண்டாந்திருக்காரு” என்று சிரிக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை மாமி படித்துவிட்டு ஒட்டுவார்கள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று அவர்கள் கேட்கச் சொன்னார்கள். போன கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை.

மருமகள்,
சுமையா


25-7-1997

மாமா,

இந்தக் கடிதம் மாமிக்குத் தெரியாது. மாமி தூங்கிவிட்டார்கள். வெள்ளை ட்யூபை அணைத்த பிறகும் நீல ட்யூப் பத்து மணி வரை எரிகிறது இல்லையா, அந்த வெளிச்சத்தில் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்துக் கோணலாக இருந்தால் மன்னியுங்கள். லின்சி நாளைக்குத் தபாலில் போடுவாள்.

ஊதாத் தட்டு சரியில்லை. இன்று காலை விரியவே இல்லை. சதை சுருங்கி அடியில் உள்ள வெள்ளை வரிகள் எலும்பு மாதிரி தெரிகின்றன. ஓரத்தில் பழுப்பாகச் சளி வருகிறது. போன வாரமும் ஒரு நாள் இப்படி இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. அதற்கு முந்தைய வாரமும் கொஞ்சம் இருந்தது. நான் சொல்லவில்லை. தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறது, உப்பும் அளந்துவிட்டேன். கையை மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தா வந்திருந்தார். தொட்டி முன்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். “ஒம் படிப்பு இதுலதான் இருக்கு, பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் பேராவூரணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். சஃபியா அக்காவுக்குப் பதினாறு வயதில் நிக்காஹ் ஆனது. எனக்குப் பதினாலு நடக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தில் அழுகை வரும் என்பார்கள். எனக்கு வரவில்லை.

பதில் எழுதும்போது இந்தக் கடிதம் வந்ததாகக் காட்டாதீர்கள். “உப்பு பாக்கெட்டில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்” என்று ஒரு வரி எழுதினால் கிடைத்தது என்று தெரிந்துகொள்வேன்.

சுமையா


ஷார்ஜா
14-8-1997

அன்பு மருமகள் சுமையாவுக்கு,

மாமா சுகம். இங்கே வெயில் தாங்க முடியவில்லை. இந்த வீடுகளில் மனிதர் இல்லாத அறையிலும் ஏ.சி. ஓடுகிறது, மீனுக்காக.

உப்பு பாக்கெட்டில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், நினைவில் வை. தட்டு சும்மா வாடாது. இன்று வாடியிருந்தால் நேற்று ஏதோ நடந்திருக்கிறது. ஒரு நோட்டுப் போட்டு, எந்த நாள் விரிந்தது, எந்த நாள் சுருங்கியது என்று எழுது. சுருங்கிய நாளுக்கு முந்தைய நாள் வீட்டில் என்ன புதிதாக நடந்தது என்று பார். பெயின்ட் அடித்தார்களா, கொசு மருந்து அடித்தார்களா என்று. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்துத்தான் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் இருப்பதெல்லாம் தொட்டிக்குள் போகும்.

நீ கெட்டிக்காரி. கண்டுபிடித்துவிடுவாய்.

மாமியிடம் நான் சுகம் என்று சொல்.

மாமா


(இதை அனுப்பவில்லை)

26-9-1997

மாமா,

கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து ஒரு மாதமாக நோட்டில் எழுதுகிறேன். தட்டு சுருங்கியது எல்லாமே வெள்ளிக்கிழமை. திங்கள், செவ்வாய்க்குள் கொஞ்சம் தேறுகிறது. மறுபடி வெள்ளிக்கிழமை சுருங்குகிறது. முதலில் கூனி இறால்தான் காரணம் என்று நினைத்து இரண்டு வாரம் வைக்கவில்லை. அப்போதும் சுருங்கியது. மேலும் இறால் வைப்பது மதியம், தட்டு காலையிலேயே வாடியிருக்கிறது.

வியாழக்கிழமை மக்ரிபு தொழுகைக்குப் பிறகு மாமி சாம்பிராணி போடுகிறார்கள். நீங்கள் ஷார்ஜாவுக்குப் போன வாரத்திலிருந்து தொடங்கியது. கூடம் முழுக்கக் காட்டிவிட்டு, தணல் கரண்டியைத் தொட்டிப் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது என்று யாசீன் ஓதுகிறார்கள். ஏர் பம்ப் அங்கேதான் இருக்கிறது. நேற்றுப் புகை போட்டதும் தொட்டி மேல் குனிந்து பார்த்தேன். மேலே வந்து உடையும் குமிழி எல்லாம் சாம்பிராணி வாசம்.

இதை முதலில் கண்டுபிடித்தது நேற்று இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பே சந்தேகம் வந்து மாமியிடம் சொன்னேன். மாமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். நோட்டைக் காட்டினேன். தேதி தேதியாகப் படித்தார்கள்.

“இந்தப் பொகதானா?” என்றார்கள்.

“ஆமாம் மாமி. கொல்லைப் பக்கம் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது.”

“அப்புடியா” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வியாழக்கிழமை வழக்கம்போலக் கூடத்திலேயே போட்டார்கள். கரண்டியைப் பம்புக்கு இன்னும் பக்கத்தில் வைத்தார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. நேற்று நான் கரண்டியை எடுக்கப் போனேன்.

“வய்யி” என்றார்கள். சத்தம் போடவில்லை. “ஒக்காரு. ஒங்கிட்ட ஒண்ணு சொல்றேன். எங்க அம்மா மௌத்தானப்ப தந்தி அடிச்சோம். லீவு இல்லன்னு பதில் வந்துச்சு. எனக்கு ரெண்டு தடவ புள்ள தங்காமப் போச்சு. அப்பவும் லீவு இல்ல. போன மாசம், கெளம்புறதுக்கு மொத நாளு இந்தத் தொட்டி ஒரு மூலைல ஒழுகுச்சே, நெனப்பிருக்கா? டிக்கெட்ட நாலு நாளு தள்ளிப் போட்டாரு.”

மாமி சொன்ன போன மாசம் என்பது மே மாதம். அவர்களுக்கு அது இன்னும் போன மாசமாகத்தான் இருக்கிறது.

“அவரு அங்க போன இந்தப் பதினொரு வருசத்துல எனக்குன்னு கூடுதலா கெடச்ச நாலு நாளு அது. அதுக உசுரோட இருந்தா அவருக்குக் கடுதாசி போதும் சுமையா. செத்துப் போச்சுன்னா நேர்ல வந்துதானே ஆவணும்?”

மாமி தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். பிறகு யாசீன் ஓதினார்கள். நடுவில் எங்கும் குரல் தடுமாறவில்லை.

இதை உங்களுக்கு எழுதினால் மாமியை என்ன சொல்வீர்களோ. எழுதாவிட்டால் தட்டு சாகும், என் படிப்பு போகும். எழுதிவிட்டேன். அனுப்பலாமா என்று தெரியவில்லை.

சுமையா


திருத்துறைப்பூண்டி
20-10-1997

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நல்ல மழை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. வயலெல்லாம் தண்ணீர் நிற்பதாகச் சொல்கிறார்கள்.

ஊதாத் தட்டு இறந்துவிட்டது. சதை எல்லாம் கரைந்து வெள்ளையாகிவிட்டது. நாற்றம் வந்ததால் வெளியே எடுத்தேன். எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன.

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் எண்பத்தெட்டு.

நீங்கள் எப்போது வருவீர்கள் என்று மாமி கேட்கச் சொன்னார்கள்.

மருமகள்,
சுமையா


ஷார்ஜா
10-11-1997

அன்பு மருமகள் சுமையாவுக்கு,

கடிதத்தை வேலைக்குப் போகும் வேனில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பவளத் தட்டு என்று சொன்னால் புரியுமா?

கவலைப்படாதே. ஒன்று போனாலும் இரண்டு இருக்கிறது. இந்த மாதம் தண்ணீரைப் பாதி மாற்று, தண்ணீரைச் சுத்தமாக்கும் கரிப்பொட்டலத்தைப் புதிதாகப் போடு. நோட்டு எழுதினாயா? அதில் ஒன்றும் தெரியவில்லையா? விவரமாக எழுது.

வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. கணக்கில் எண்பத்தெட்டு நல்ல மார்க்.

மாமா


திருத்துறைப்பூண்டி
19-12-1997

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பச்சைத் தட்டு டிசம்பர் ஐந்தாம் தேதி இறந்தது. ஆரஞ்சுத் தட்டு இன்று காலை. தொட்டியில் இப்போது கல்லும் மணலும்தான் இருக்கின்றன. பம்ப் ஓடுகிறது.

நோட்டில் ஒன்றும் தெரியவில்லை.

தட்டு இல்லை, இனி எப்போது வருகிறீர்கள் என்று மாமி கேட்கச் சொன்னார்கள். தொட்டியை நீங்களே வந்து பார்த்தால் நல்லது என்றும் எழுதச் சொன்னார்கள்.

மருமகள்,
சுமையா


ஷார்ஜா
11-1-1998

சுமையாவுக்கு,

செய்தி கிடைத்தது. உன்னைத் திட்டப்போவதில்லை. நீ சின்னப் பிள்ளை. உன்னை நம்பி விட்டுவந்தது என் தவறு.

மாமி கேட்டதற்குப் பதில். பெருநாளைக்கு வரலாம் என்று அக்டோபரிலேயே லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். தட்டு ஒரு சுற்றுப் பெரிதாகியிருக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். திடீரென்று வந்து நிற்கலாம் என்றுதான் எழுதவில்லை. லீவும் கிடைத்தது. இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எதைப் பார்க்க வருவது? இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

உன் அத்தாவுக்கும் எழுதியிருக்கிறேன். ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் உன்னை அழைத்துக்கொண்டு போகச் சொன்னேன். தொட்டி இல்லாத வீட்டில் உனக்கு என்ன வேலை?

பம்பை நிறுத்திவிடு. கரண்ட் வீண்.

மாமா


திருத்துறைப்பூண்டி
12-6-1998

மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜனவரியில் நீங்கள் எழுதியதற்கு இவ்வளவு நாள் பதில் எழுதவில்லை. இத்துடன் இன்னொரு கடிதம் இருக்கிறது. போன செப்டம்பரில் எழுதி, அனுப்பாமல் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருந்தது. முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

படித்திருப்பீர்கள். ஆனால் அதிலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பம்பை ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்தால் போதும். வெளிக்காற்றை இழுத்திருக்கும். அதற்கு மூன்றடிக் குழாய் வேண்டும். பஞ்சநதம் கடையில் குழாய் வாங்கி என் பெட்டியில் வைத்திருந்தேன். மாமியிடம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரு வியாழக்கிழமை போட்டுவிடலாம் என்று குழாயைக் கையில் எடுத்தேன். அன்று மாமி பழைய பித்தளைத் தட்டைத் துலக்கி, நீங்கள் வந்தால் எந்தத் தட்டில் சாப்பாடு வைப்பது என்று என்னிடம் கேட்டார்கள். இது என்றேன். குழாயைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதனால் தட்டுகள் செத்ததில் பாதி நான்.

உங்கள் ஜனவரிக் கடிதம் வந்தது நோன்பு நாளில், அஸர் தொழுகைக்குப் பிறகு. மாமிதான் பிரித்தார்கள். லீவு கிடைத்தது என்ற இடம் வரை வேகமாகப் படித்தார்கள். “எதைப் பார்க்க வருவது” என்ற வரியில் விரலை வைத்தார்கள். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கஞ்சி காய்ச்ச எழுந்து போனார்கள். அன்று கஞ்சியில் உப்பு சரியாக இருந்தது. நான் அதைத்தான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு மாமி உங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. வியாழக்கிழமை வந்தது, போனது. சாம்பிராணி போடவில்லை. தொட்டித் தண்ணீரை நாங்கள் இரண்டு பேரும் வாளி வாளியாகத் தூக்கித் தெருச் சாக்கடையில் ஊற்றினோம். கொல்லையில் ஊற்றினால் தென்னை பட்டுப்போகும் என்றார்கள். முப்பத்தேழு வாளி.

அத்தா போன செவ்வாய்க்கிழமை என் டி.சி.யை வாங்க வந்தார். என் துணியெல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. மாமி வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போட்டுக்கொண்டு, “நானும் வர்றேண்ணே” என்றார்கள். அத்தாவுக்கு ஆச்சரியம். பள்ளிக்கூடம் வரை மூன்று பேரும் நடந்தோம்.

தலைமையாசிரியர் கமலாம்பாள் டீச்சர் அறையில் அத்தா விண்ணப்பத்தை நீட்டினார். மாமி அதை நடுவில் வாங்கிக்கொண்டார்கள்.

“டி.சி. வேணாம் டீச்சர். இவ பத்தாவது இங்கதான் படிக்கப் போறா.”

“என்ன தங்கச்சி இது?” என்றார் அத்தா. “மச்சான்தான் அழச்சிக்கிட்டுப் போவச் சொல்லி எழுதியிருக்காரு. அந்தத் தட்டு செத்துப் போச்சாமே.”

“தட்டு செத்தா புள்ள படிக்கக் கூடாதுன்னு எந்தக் கிதாபுல இருக்கு?”

“அவரு பேச்சுன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“அவரு தட்டுக்குப் பேசுனாரு. புள்ளைக்குப் பேசல. அதக் கொன்னது அவ இல்லண்ணே, நான். அதுக்குப் புள்ளய எதுக்கு அழச்சிக்கிட்டுப் போறீங்க?”

அத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சருக்கும் புரிந்திருக்காது. “மொதல்ல ரெண்டு பேரும் உக்காருங்க” என்றார்கள். உட்கார ஒரு நாற்காலிதான் இருந்தது. அத்தா உட்காரவில்லை, மாமியும் உட்காரவில்லை. டீச்சர் என் மார்க் ஷீட்டைப் பார்த்தார்கள். அத்தாவைப் பார்த்து, “கணக்குல தொண்ணூத்தி ஒண்ணு. இத எங்க கூட்டிட்டுப் போயி என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார்கள். அத்தா, “அடுத்த பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கடிதத்தைப் பகலில், கூடத்தில் உட்கார்ந்து எழுதினேன். இதையும் செப்டம்பர்க் கடிதத்தையும் மாமி படித்துவிட்டார்கள். எதையும் அடிக்கச் சொல்லவில்லை. நீங்களும் ஏதாவது எழுதுங்கள் மாமி என்று பேனாவைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்கள்.

இனிமேல் எனக்கு நீங்கள் எழுத வேண்டியதில்லை மாமா. நான் எழுதிக்கொண்டிருந்தது தொட்டியைப் பற்றித்தான், அது இப்போது இல்லை. எழுதினால் மாமிக்கு எழுதுங்கள். எழுத ஏதாவது இருந்தால்.

இப்படிக்கு,
சுமையா
பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு